கைப்பிடி இல்லாத நாற்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தார், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். அப்பாவா எழுதியிருக்கிறார் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். நானேதான். உன் முகவரியும் நானே எழுதினேன், போன வருஷம் வரை கைநாட்டு வைத்த ஆள். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததையே அது சொல்கிறது, அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. போனில் என்றால் நல்லா இருக்கேன்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை நான்தான் பேசுவேன்.

உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண் அம்மாவுக்கு போன் செய்தாள், அவளைத் திட்டாதே. வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆபீஸில் எல்லோரும் சாப்பிடும் இடத்துக்கு நீ போவதில்லையாம், அவ்வளவுதானா உன் சாப்பாடு என்று கேட்கிறார்கள் என்று மாடிப்படியில் தனியாக உட்காருகிறாயாம், பாதி நாள் டப்பாவையே திறப்பதில்லையாம். சத்து மாத்திரை பாட்டில் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறதாம். ஒரு நாள் அந்தப் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காதது மாதிரி வேலைக்குப் போயிருக்கிறாய். ஆபரேஷன் ஆனவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு உன் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டும் போகவில்லை. ஏன்டி என்று அவள் கேட்டதற்கு, "எதுவுமே தோணல, பசியும் இல்ல, அழுகையும் வரல, அங்க போய் என்னத்தச் சொல்ல" என்றாயாம்.

அம்மா போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை, உன் மேல் கோபமும் வரவில்லை. கடைக்குப் போய் பாதியில் விட்ட சோபாவுக்கு ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தேன், வரிசை தப்பாமல்தான் அடித்தேன். யாரோ வந்து மெத்தைக்கு விலை கேட்டார்கள், சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், படுத்தேன், தூக்கமும் வந்தது. எல்லாம் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. அப்படியே நாட்கள் போயின.

அப்புறம் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறை நாற்காலிகளுக்கு உறை மாற்றக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கருவிப்பையைக் கட்டும்போது அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உனக்கு நடந்த அதே ஆபரேஷன் ஆனவர்களுக்கு மாதாமாதம் கூட்டம், மாடியில். நீ போகாவிட்டால் என்ன, நாம் போய்க் கேட்டு எழுதுவோம் என்று அந்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். அந்த அறை நாற்காலி எதற்கும் கைப்பிடி இல்லை, இருக்கை நல்ல அகலம், கால்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். கனத்த உடம்புக்காரர்களுக்காக யோசித்துச் செய்த வேலை. நான் ஒன்றில் உட்கார்ந்தால் பாதி நாற்காலி காலியாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பஸ் கண்டக்டர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, உங்களுக்கு எப்ப ஆச்சு? ஊதுனா பறந்துருவீங்க போல இருக்கே, இந்த வயசுல எப்படிச் சாதிச்சீங்க" என்றாள். உடனே அறை முழுக்கக் கைதட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்து, எனக்கு எதுவும் ஆகலம்மா, நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான், ஆபரேஷன் என் பொண்ணுக்கு என்றேன். லாரி ஓட்டும் ஒருவர், "அப்ப நாங்க தட்டுனது வீணாப் போச்சா, திருப்பிக் குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பது நான்தான் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

நீ உன் தோழியிடம் சொன்னதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். யாருக்கும் அது புதிதாக இல்லை. கண்டக்டர் அம்மா, "எதுவும் தோணலன்னு சொல்லத்தான் நாங்களே இங்க வர்றோம், வேற எங்க போய்ச் சொல்ல முடியும்" என்றாள். அவளும் முதலில் சாப்பாட்டை டிக்கெட் கிழிப்பது மாதிரிதான் கடமைக்கு மென்றாளாம். உணவு ஆலோசகராக இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி நான் எழுதிக்கொள்ளும் வேகத்துக்குக் காத்திருந்து காத்திருந்து சொன்னாள். முட்டை, மீன், பருப்பு, தயிர் இதெல்லாம் முதலில், மற்றதெல்லாம் வயிற்றில் இடம் இருந்தால். சின்னச் சின்ன வாயாக, கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்து மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். இனிப்பைக் கண்டால் ஒதுங்கிக்கொள். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, அதில் பேரம் கிடையாதாம். மயக்கம் வந்ததை மறைக்கவே கூடாது, உடனே உன் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், மனசு மரத்துக் கிடப்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

என்னுடைய வலது கட்டைவிரல் நுனியில் உணர்ச்சி இல்லை, உனக்குத் தெரியும், கோணி ஊசி குத்திக் குத்தி எப்போதோ செத்துப்போனது. நீ சின்னப் பிள்ளையில் அதைக் கிள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம் தைத்தேன். ஊசி எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லாது, அதனால் கண்ணால் பார்த்துக்கொள்வேன். உன் பசியும் இப்போது அந்த விரல் மாதிரி. அது வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடு. ருசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தையல் விழுந்தால் போதும்.

அம்மா முதலில் என்னோடு வரவில்லை. என் சமையல் ஆகாதுன்னு சொல்ற எடத்துக்கு நான் எதுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வந்து எல்லாம் சொன்ன பிறகு ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்து, புள்ள சாப்பிடுற அளவுதான் இன்னைக்கு எனக்கும் என்று அதில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். சாயங்காலமே பிஸ்கட் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்றதும், "இத்தனூண்டு சாப்பாட்ட வச்சுக்கிட்டு எப்படிங்க அவ வேலைக்கும் போறா" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அப்போதும் வரவில்லை. அடுத்த மாதம் அவளும் வருகிறாள். உங்க பொண்ணு கூட்டத்துக்குப் போச்சான்னு வந்து சொல்லணும் என்று கண்டக்டர் அம்மா எங்களை விடுவதாக இல்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்பது உன் கையில் இருக்கிறது. அங்கேயும் கைப்பிடி இல்லாத நாற்காலிதான் போட்டிருப்பார்கள். போய் உட்கார், பேச வேண்டாம், எதுவும் தோணல என்று மட்டும் சொன்னால் போதும்.

இன்னொன்றும் அந்தக் கண்டக்டர் அம்மா சொன்னாள். "எங்க எல்லாருக்கும் பெரிய வேதனை ஒரே கேள்விதான். யாரு போன் பண்ணாலும் சாப்பிட்டியா, சாப்பிட்டியா. சாப்பிட்டேன்னா பொய், சாப்பிடலன்னா சண்டை." அதைக் கேட்டதும் போனில் உன்னிடம் நான் வேறு என்ன கேட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இனிமேல் அதைக் கேட்க மாட்டேன். அம்மாவும் ஒத்துக்கொண்டுவிட்டாள், நேற்றுகூட உன்னோடு பேசும்போது வாய்வரை வந்ததை விழுங்கினாள், நீ கவனித்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். நான் கேட்கப்போவது வேறு. இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே என்று கேட்பேன். மாடிப்படி என்று மட்டும் சொல்லாதே.

நோய் நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் மாத்திரை பாட்டிலைப் பிரி.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா