பற்றரி இல்லாத புகைமணி

12.8.1986, செவ்வாய்க்கிழமை

மகள் தூங்கிக்கொண்டிருந்த மெத்தையில் இன்று பின்னேரம் நெருப்புப் பிடித்தது. புகை மணம் பட்டு நான் ஓடிப்போய்த் தூக்கியதால் பிழைத்தாள். புகை பட்டால் அலற வேண்டிய, சுவரில் இருந்த புகைமணி சத்தமே போடவில்லை. அதன் பற்றரி என் கணவரின் ரேடியோவுக்குள் இருந்தது.

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் படுக்கையறைக்கு ஒரு புகைமணி இருக்க வேண்டும் என்பது, அந்த வீட்டைக் கொடுத்திருந்த எண்ணெய்க் கம்பனியின் சட்டம். நான் ஊருக்குத் திரும்பி வரும்போது வீட்டம்மா ஒன்றைத் தந்தாள். இங்கே நெருப்புக்கென்று நகரசபை, சமைக்கிற ஓலைக் குசினி அடுத்த வீட்டு வளவுக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். ரேடியோவுக்காகப் பற்றரியைக் கழற்றும்போது என் கணவரும் சொன்னார்: “நம்மட ஊருல இதுக்குச் சட்டம் இல்ல புள்ள.”

நெருப்பை அணைத்த பிறகு மெத்தையோரம் அவருடைய சிகரட் துண்டு கிடந்தது. அதைக் காலால் மறைத்துக்கொண்டு என் வாப்பாவிடம் சொன்னார்: “மாமா, இவ புள்ளைக்கி சாம்பிராணி புடிச்ச நெருப்பு.”

வாப்பா என்னைத்தான் ஏசினார்.

அவர் சிகரட் குடிப்பது வாப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மாமனார் முன்னால் வெற்றிலைகூடப் போட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்துத்தான் குடிப்பார்.

இந்த வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. இங்கே சட்டம் நான்தான். அவர் இரவு பள்ளிக்கு இஷாத் தொழப் போன நேரம் பற்றரியைத் திரும்பப் போட்டு, புகைமணியை அவருடைய தலைமாட்டுக்கு நேர் மேலே அடித்துவிட்டேன். அடுத்த அறையில் வாப்பா இன்னும் தூங்கவில்லை.

வாசல் படலை திறக்கிறது. வந்து படுத்ததும் ஒன்று பற்ற வைப்பார்.