கூட வர ஒரு ஆள்

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தான். மாநகராட்சியில் இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் இலவச மருத்துவ அட்டை கொடுக்கிறார்கள். மண்ணரை முகாமில் நர்ஸம்மா, "எந்த ஊருங்க?" என்றார். ரேஷன் கார்டு சங்கரன்கோவிலில் உங்களிடம் இருக்கிறது. எந்த ஊரைச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். வீட்டு ஓனர் பொன்னாத்தாள் அக்காதான், "எங்க ஊட்லதானுங்க ஏழு வருசமா இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்காரரு கூட இருக்காருங்களா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

நீங்கள் ஊருக்குப் போய்ப் பதினாறு மாதம். இருக்கிறார் என்றேன். அது பொய்யா அத்தான்? எனக்கு விளங்கவில்லை.

முகாமில் பார்த்ததில் மார்பில் சின்னக் கட்டி. வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில் சோதிக்க வேண்டுமாம். கூட ஒரு ஆள் வேண்டுமாம். அக்கா வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

உங்கள் மனைவி