வள்ளி கேட்டது

1962, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

சாயங்காலம் உத்திரமேரூர் ஏரிக்கரையில் எருமைகளின் காலடியில் கொக்குகள் மேய்ந்தன. வாத்தியாரான என் அண்ணன் தன் மகள் வள்ளிக்கு அதைக் காட்டினார்.

"எருமை நடந்தா புல்லுல கீற பூச்சி எழும்பும். கொக்கு அதைப் புடிச்சித் தின்னும். எருமைக்கு அதால லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

"நம்ம வூட்ல அத்தை கீற மாதிரியா, நைனா?" என்றாள் வள்ளி.

கணவர் இறந்ததிலிருந்து நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அண்ணன் அவளை அதட்டுவார் என்று நின்றேன். "இருட்டுது, வாங்க போலாம்" என்றார்.

சோறு போட்டபோது, "இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வள்ளி என் மேல் காலைப் போட்டுத் தூங்குகிறாள். குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. "அப்டி இல்லம்மா" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.