மெட்டில்டா எடுத்து வைத்த வயலின் துண்டுகள்

குன்னூர்,
18.11.1966

அன்பு மகள் ஜூடித்துக்கு அப்பா எட்மண்ட் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நெய்வேலியில் சுகமாயிருக்கக் கர்த்தர் துணை நிற்கட்டும். வேலனை மாப்பிள்ளை என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அவரிடம் சொல்.

இங்கே மழை விட்டபாடில்லை. ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் வேலை குறைவுதான். மூட்டுவலி தவிர எனக்கு ஒன்றுமில்லை.

உன் வயலினைப் பற்றி எழுத வேண்டும். வேலனைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன அன்று, அதை வாசற்கல்லில் அடித்து உடைத்தேன். நீ அழாமல் பார்த்துக்கொண்டு நின்றாய். மறுநாள் நீ போனதும் துண்டுகளை அடுப்பில் போடச் சொன்னேன். போட்டுவிட்டதாக உன் அம்மா மெட்டில்டா சொன்னாள். ஜூனில் அவள் தவறிய பிறகு அவள் பெட்டியைத் திறந்தால், பழைய புடவைக்குள் எல்லாம் இருந்தது. சிறு சிராய்களைக்கூடப் பொறுக்கித் தாளில் மடித்து வைத்திருந்தாள்.

முப்பது வருஷமாக மரத்தோடு கிடக்கிறவன் நான். நீ வாசித்த நாளெல்லாம் அது என்ன மரம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஊட்டியில் பியானோ பழுது பார்க்கும் செலஸ்டினிடம் கொண்டுபோனேன். முன்பலகை ஸ்ப்ரூஸ் என்றார். பைன் போல வெளுப்பு, இழை நேராக ஓடுகிறது. பின்பலகையும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள். விரல் பலகை கருங்காலி. அது ஒன்றுதான் என் கைக்குத் தப்பியிருந்தது. ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது, வச்சிரப் பசை காய்ச்சித்தான் ஒட்ட வேண்டும் என்றார்.

முன்பலகையில் உள்ளங்கை அகலம் நொறுங்கிப் போயிருந்தது. எஸ்டேட் கிளப்பில் கரையான் அரித்த பியானோவை விறகுக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் உள்பலகையும் ஸ்ப்ரூஸ்தான். நல்ல துண்டாகக் கேட்டு வாங்கிவந்து இழைத்து ஒட்டினேன்.

தந்தியை முறுக்கும் பிரடைகளில் இரண்டு முறிந்திருந்தன. ஈட்டி மரம் தேடிக் கூடலூர் மர மில்லுக்குப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் உன் மாமனார் நல்லசாமி. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். பெண் கேட்டு வந்தவரை உட்காரச் சொல்லாமல் அனுப்பியவன் நான். அவரோ, "உக்காருங்க சம்பந்தி" என்று டீ வாங்கி வரச் சொன்னார். எதற்கு மரம் என்று கேட்டுவிட்டு, இழை பார்த்து அவரே அறுத்துத் தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா போனதைப் பன்னெண்டாம் நாள் கேள்விப்பட்டு உங்க புள்ள வந்துச்சுங்க. கல்லறைக்குப் போயிட்டு நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்துச்சு. வா, அப்பாவைப் பாத்துட்டு வரலாம்னு கூப்பிட்டேனுங்க. 'எங்கம்மாவே கடைசி வரைக்கும் என்னைக் கேக்கலை, அங்க எனக்கு என்ன இருக்கு'ன்னுடுச்சு."

ஜூடித், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். முதல் நாளே, "ஜூடித்துக்குத் தந்தி குடுத்தீங்களா?" என்று கேட்டாள். குடுத்தாச்சு என்றேன். கொடுக்கவில்லை. மறுநாள், இன்னும் காணோமே என்றாள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று இன்னொரு பொய் சொன்னேன். அதற்கப்புறம் அவள் தன் மூச்சுத் திணறலைப் பற்றிப் பேசவேயில்லை. "புள்ள இந்தக் குளிர்ல எங்க உக்காந்திருக்கோ, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டாளோ என்னமோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை, ரோடு சரியாயிருச்சாங்க என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

அவள் உன்னைக் கேட்டாள், ஜூடித். கேட்டுக்கொண்டேதான் போனாள். மறைத்தவன் நான். எதற்காகச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

செலஸ்டின் வயலினுக்குத் தந்தி கட்டி வாசித்துப் பார்த்தார். அடித்தந்தி கொஞ்சம் இரைகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் சம்பந்தி நெய்வேலிக்கு வரும்போது வயலினைக் கொண்டுவருவார். கூட வரும்படி என்னையும் கூப்பிட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் இருவரையும் கர்த்தர் காப்பாராக. அம்மாவின் ஜெபமெல்லாம் உங்களோடு இருக்கிறது. வா என்று நீ எழுத வேண்டாம். முகவரியைச் சம்பந்தி தந்துவிட்டார். ஆனாலும் ஒரு கார்டில் அந்த முகவரியை மட்டும் உன் கையால் எழுதிப் போடு. புறப்பட்டு வந்துவிடுகிறேன்.

உன் அப்பா,
தே. எட்மண்ட்