கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன்னையும் அவர் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லா வியாதியும் காதில்தான் தொடங்கும். அப்பா சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, சொட்டிக்கொண்டிருந்ததைக் கொட்ட வைத்துவிட்டார், கடைசியில் பிளம்பர் வந்து, எனக்கு முன்னாடி இதுல யாரு கை வச்சது என்று கேட்டபோது செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். உன் தங்கை கார் ஓட்டும் தேர்வில் மூன்றாவது முறையும் தோற்றாள், அந்த ஆபீசர் என்னப் பாத்ததுமே பெல்ட்ட இறுக்கிப் போட்டுக்கிறாரும்மா என்று சொல்லிச் சிரிக்கிறாள். இதையெல்லாம் வழக்கமாகப் போனில் சொல்லிவிடுவேன். இந்த முறை காகிதத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னால் நான் அழுவேன், அழுதால் நீ சமாதானப்படுத்துவாய். நீ என்னைச் சமாதானப்படுத்தக்கூடிய விஷயம் இல்லை இது.

லேபில் எனக்கு வேலை போய்விட்டது. பயப்படாதே, யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை, செய்தது நான்தான். பதினோரு வருடமாக அங்கே என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். டாக்டரம்மா எழுதித் தருவதைத் தட்டச்சு செய்து, எண்களை இரண்டு முறை சரிபார்த்து, அச்செடுத்து, கவரில் போட்டு ஒட்டிக் கவுன்டருக்கு அனுப்புவேன். தெரிந்தவர்கள் ரிப்போர்ட் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது, நம் பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்கூட. உன் அப்பாவிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன மாதம் நம் சபைத் தையல்காரம்மாவின் ரிப்போர்ட் வந்தது. உங்கள் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்தவர்தான், குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே உன்னைத் திரும்பச் சொல்லி அளவெடுப்பாரே, அவர். அதில் நல்ல செய்தி இல்லை. என்ன இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். எழுதக் கை வருகிறது, இப்போதுகூட வருகிறது, ஆனால் எழுதமாட்டேன். கவரை ஒட்டும்போது அவருக்காக மனதுக்குள் உண்மையாகவே ஜெபித்தேன், அந்த ஒரு ஜெபம் மட்டும்தான் இந்தக் கதையில் சுத்தமானது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள், தையல்காரம்மா வரவில்லை. ஏன் வரவில்லையாம் என்று ஒருவர் கேட்க, தலைவலியாம் என்று இன்னொருவர் சொல்ல, தலைவலி இல்லை என்று அறிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். அந்த அறிவு நாக்கில் எப்படி இனித்தது என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொதுவாக அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, நன்றாக ஜெபிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், என் முறை வரும்போது பாதிப் பேர் மடியில் இருக்கும் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு, எங்களில் ஒரு சகோதரி, உம்மைப் பாடுகிறவர்களுக்குத் தன் கையால் அங்கி தைத்தவர், தன் சரீரத்தில் பெரிய பாரத்தைத் தனியே சுமக்கிறவர் என்று ஆரம்பித்தேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை என்பதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பதினான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், ஐயோ இயேசப்பா என்று ஒரு சத்தம், அதன்மேல் ஒரு ஆமென், அதன்மேல் இன்னொன்று. நடுவில் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். யார் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். உனக்கு நான் எழுதுவதிலேயே கேவலமானது இதுதான். தேவனிடம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த அறையிடம் பேசிக்கொண்டிருந்தேன். சோதனை எப்படி வரும் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாடம் நடத்தியவள் நான். என்னிடம் அது வந்தபோது முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றது.

தையல்காரம்மா தன் மகளுக்குத் தேர்வு முடியட்டும், பிறகு பக்கத்தில் உட்கார வைத்துத் தானே சொல்லலாம் என்று இருந்திருக்கிறார், மூன்று வாரம்தான் பாக்கி. நான் ஜெபித்து ஐந்தாம் நாள் அந்தப் பெண் பேருந்துக்கு நின்றபோது நம் சபையில் ஒருவர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்காக நாங்க எல்லாரும் உபவாசம் இருக்கோம்மா, தைரியமா இரு என்று சொல்லியிருக்கிறார். எதற்கு உபவாசம் என்று அவள் கேட்டிருக்கிறாள். அவள் அன்றைய செய்முறைத் தேர்வுக்குப் போகவில்லை. தையல்காரம்மா அந்த அம்மாளிடம் போய் யார் சொன்னது என்று விசாரித்ததற்கு, யாரு சொன்னா என்ன சிஸ்டர், ஜெபிக்கத்தானே சொன்னாங்க என்று பதில். ஜெபக்கூட்டத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி இருக்கிறது, அதனால் என் பெயரை மட்டும் எல்லோரும் பத்திரமாகக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் தையல்காரம்மா ரிப்போர்ட் எப்படி வெளியே போனது என்று கேட்டு லேபுக்கு வந்தார். நான் டாக்டரம்மாவின் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இவங்கமேல எனக்குச் சந்தேகமே இல்ல மேடம், இவங்க எங்க சபை என்று என்னைக் காட்டிச் சொன்னார். தரை பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது கவுன்டர் பெண். அவளை நாங்கள் மைனா என்று கூப்பிடுவோம், பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று கேட்கும் அளவுக்குப் பேசுவாள். டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்டதும் அவள் அழுதுகொண்டே, நான் வாயாடிதான் மேடம், ஆனா ஒட்டின கவரப் பிரிச்சுப் பாக்கறவ இல்ல என்றாள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பையை மாட்டிக்கொண்டு போகும்போது என் மேசையருகில் நின்று, அக்கா, நீங்களாச்சும் எனக்காக ஜெபிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெபித்தேன், ஒன்பது நாள் ஜெபித்தேன். கர்த்தாவே அவளுக்கு நியாயம் செய்யும், உண்மையை வெளியே கொண்டுவாரும் என்று. இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்தேன், உன் தங்கை நான் எடையைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்த உண்மையை வெளியே கொண்டுவர அவர் வானத்திலிருந்து யாரையும் அனுப்ப வேண்டியதில்லை, நான் நாற்காலியை விட்டு எழுந்து பத்தடி நடந்தால் போதும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவர் என்னைச் செய்யச் சொன்னதை நான் அவரைச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்து நுரையோடு திரும்பி, நீயா என்றார். அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜெபத்துலதான சொன்ன, தெருவுல நின்னு கத்துனியா, அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு, வேற இடம் கிடைச்சிடும், உனக்கு இந்த வயசுல யார் தருவா, கொஞ்சம் பொறு, தானா அடங்கிடும் என்றார். என்மேல் உள்ள பாசத்தில் சொன்னார், அவரைத் தவறாக நினைக்காதே. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்றால், அந்த ஆறுதலைக் கண்டே பயந்துவிட்டேன். அது அவர் குரலில் வந்ததே தவிர, ஒன்பது நாளாக என் மனதுக்குள் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதுக்காகச் சொன்னீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜெபத்துக்காக என்ற வார்த்தை உதடுவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, எனக்குத் தெரியும்கிறது கூட்டத்துல இருந்தவங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன் மேடம் என்றேன். பதினோரு வருஷத்துல உங்க டைப்பிங்ல ஒரு புள்ளி தப்பினதில்ல, அலமாரிச் சாவிய வச்சிட்டுப் போங்க என்றார். மைனாவை அவரே போனில் கூப்பிட்டார், அவள் வரும்வரை நான் படியில் நின்றேன். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்த ஆசையும் எனக்குள் இருந்திருக்க வேண்டும். இத ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாம்லக்கா, எங்கம்மாவே என் வாய நம்பல என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நேராகத் தையல்காரம்மா வீடு. செருப்புக் கடைக்கு மேலே அதே அறைதான், கழுத்தில் அளவு நாடா, மேசையெல்லாம் சாக்கட்டித் துண்டுகள். உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. நான் பேசி முடிக்கும்வரை தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை, நான் குரலை உயர்த்தித்தான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் நூலைக் கத்தரித்துவிட்டு, எத்தன நாள் யோசிச்சு வச்சிருந்தேன் தெரியுமா, அவகிட்ட முதல்ல என்ன சொல்றது, அவ என்ன கேப்பா, அதுக்கு நான் என்ன சொல்லணும்னு, முதல் வாக்கியம் ரெடியா இருந்துச்சு என்றார். அந்த வாக்கியம் என்னவென்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னிச்சிடுவேன், மன்னிச்சுத்தானே ஆகணும், ஒரே சபை, ஒரே அப்பம், ஆனா இன்னிக்கு இல்ல என்றார். சிஸ்டர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் திரும்பும்போது, எனக்காக இனிமே சத்தமா மட்டும் ஜெபிக்காதீங்க என்றார். உனக்கு இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதுங்க, ஊர் பூரா தெரிஞ்சாச்சு, அவளுக்கு மட்டும் எதுக்கு மிச்சம் வைக்கணும் என்றவர், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, ஆமா, உங்க பெரிய மக உங்ககிட்ட மனசத் தொறந்து எதாச்சும் சொல்றாளா என்று கேட்டார். குத்திக்காட்டத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். படி இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

மகளே, இரண்டு வருடத்துக்கு முன் நீ ஒரு நாள் போன் செய்து, மனநல மருத்துவரைப் பார்க்கிறேன், மாத்திரை தந்திருக்கிறார், அப்பாவிடமும் இப்போது சொல்லாதே என்றாய். அடுத்த வாரமே போதகரின் மனைவி உனக்கு ஆறுதல் செய்தி அனுப்பினார். அவங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்று கேட்டாய். கர்த்தர் அவங்களுக்கு உணர்த்தியிருப்பார் என்று சொன்னேன். நீ சரிம்மா என்று மட்டும் சொன்னாய். உணர்த்தியது கர்த்தர் இல்லை, நான். அன்றும் ஜெபம் என்ற பெயரில்தான், அன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான். உன்னைக் காட்டிக்கொடுத்தது போதாதென்று அந்தப் பொய்யைக் கொண்டுபோய்க் கர்த்தர் தலையில் வைத்தேன். அதற்குப் பிறகு நீ எனக்குச் சொல்வதெல்லாம் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை நன்றாகப் போகிறது, அவ்வளவுதான். தூரம் அப்படித்தான், வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீ சரிம்மா என்று சொன்னபோதே தெரிந்துகொண்டிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன், பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று என் பாகத்தை மட்டும் சொல்லப் போகிறேன், தையல்காரம்மாவைப் பற்றியோ உன்னைப் பற்றியோ அதில் ஒரு எழுத்து வராது. கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்லப் போகிறேன். நான் கேட்காததையும் உனக்குக் கொடுக்கிற தேவன் உன்னை ஆசீர்வதிப்பாராக, உன் போக்கையும் வரவையும் உன் தூக்கத்தையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. இன்னும் சாப்பிடுகிறாயா என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் போனது என்னால்தான், நீயாகச் சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன்.

என்றும் உன்மேல் பாசமுள்ள,
அம்மா