ஒடியல் கூழும் சுடுதண்ணீரும்

வியாழன் இரவு, வெள்ளவத்தை

நாளைய உணவுக் கண்காட்சிக்கான பெட்டிகளை எல்லாம் கொட்டாஞ்சேனை ஸ்டோரில் நானே கட்டிவிட்டு வந்தேன். ஆனால் ஸ்டாலில் நிற்கப் போவது நானல்ல. முதலாளியின் மகன் சுரேன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நீங்கள் ஏன் கால் நோக நிக்கிறியள்? ஸ்டாலுக்கு இளம் பிள்ளையள்தான் சரி."

காய்ந்த பனங்கிழங்கை இடித்துச் செய்யும் எங்கள் உடனடி ஒடியல் கூழ் மாவை நான்தான் வருடக்கணக்காகச் சோதித்துச் சரிப்படுத்தினேன். எழுத்து அதிகம் என்று, அவன் புதிய பக்கற்றிலிருந்து என் பெயரையும் செய்முறையையும் சேர்த்தே எடுத்துவிட்டான்.

"வெளிநாட்டுக்காரருக்கு முன்னால நானே கலக்கிக் காட்டப்போறன். சுடுதண்ணி ஊத்தினாச் சரிதானே, நூடில்ஸ் மாதிரி?"

"ஓம் தம்பி," என்றேன்.

கொதிக்கும் தண்ணீரை நேரே ஊற்றினால் அந்த மா கட்டி கட்டியாகத் திரளும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவன் போனதும், ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் ஃபர்ஸானா என் முகத்தைப் பார்த்தாள்.

"மிஸ், அவருக்குச் சொல்லல்லயா?"

"பக்கற்றில இருந்தது. அவர்தான் எடுத்தவர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை அந்த வெளிநாட்டுக்காரர் முகம் சுளித்துத் துப்பப் போவது என் கூழைத்தான். அது தெரிந்தும் மனம் இளகவில்லை.

சற்று முன் சுரேனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அக்கா, வேற ஏதும் நான் தெரிஞ்சிருக்க வேணுமோ?'

'முதலில் பச்சைத் தண்ணி' என்று எழுதி, அழித்தேன். பிறகு பதில் போட்டேன்.

'சுடுதண்ணிக் கெட்டில் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது.'