சக்கரம் என்று அந்தப் பிள்ளை சொன்னது

நேற்று மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஒரு பெண் என் தலைக்கு மேலே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. சுட்ட முந்திரித் தோட்டின் எண்ணெய் வாடை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அந்த வாடை, என் முகத்துக்கு நேரே இறங்கியது. முதலில் எனக்கு வந்தது பயம். யாருடைய பிள்ளையோ நம் வீட்டில் இருக்கிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, கூட்டிப்போக யாரும் வரவில்லை என்ற பயம். வெளியே நல்ல வெயில். காப்பகத்தில் எனக்கு உதவிக்கு இருக்கும் தங்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு அப்புறம்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இறந்துபோனவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உன் சபைக்காரர்கள் அதற்கு வேறு பதில் வைத்திருப்பார்கள். இது உனக்கு வந்து சேரும் என்று நினைத்து எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே நான் சொல்வதில் நம்பிக்கை வராது.

திருச்சியில் புள்ளியியல் படித்துவிட்டு, கல்யாணத்தால் குமரி மாவட்டத்து அருமனைக்கு வந்தவள் நான். கல்லூரியில் கிடைத்த தற்காலிக வேலையும் போய், ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் நீ வந்து, "ஏட்டி படிச்சவளே, எனக்க வீட்டுல முன்னால ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. பிள்ளைகளப் பாப்போமா?" என்று கேட்டாய். உன் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். அப்படித்தான் காப்பகம் தொடங்கியது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டிரஸ்ட் பாதிக் கட்டணம் கொடுக்க முன்வந்தது. ஆனால் குடும்பம் தன் பாதியைக் கட்டிய பிறகுதான் டிரஸ்டின் பாதி வரும். ஒரு தாய் தாமதித்தால் இரண்டு பாதியும் நின்றுபோகும். பால்காரருக்கும் அரிசிக் கடைக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பெண்களெல்லாம் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று முதல் நாள் கேட்டேன். "அண்டி ஆபீஸ்" என்றாய். ஆபீஸில் வேலை என்றால் முழுக் கட்டணமே கட்டலாமே என்று நான் சொன்னதும் நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு நீ என்னிடம் பேசும்போது வார்த்தைகளை எனக்காகச் சல்லடையில் சலித்துப் பேசினாய். அந்தச் சல்லடையில் சிக்காமல் போன ஒரு வார்த்தையால்தான் பின்னால் ஒரு மழைநாளில் அத்தனையும் நடந்தது.

பாக்கியைக் கேட்பதில் நமக்குள் ஒத்துப்போனதே இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது கேட்டுவிட வேண்டும், அப்போதுதான் ஆள் நிற்பாள் என்பது என் கட்சி. நீ ஒரே பிடியாக மறுத்தாய்.

"காலையில கேக்கப்பிடாது. பிள்ளைய இறக்கி விடுற கையில பைசா கேட்டா, பிள்ளைய பணயம் வச்சமாரி ஆயிரும்."

"அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள்" என்றேன்.

"நீ நெனைக்க மாட்ட. உனக்குப் பாக்கி இல்லியே."

சம்பள நாளில் அவர்கள் வீட்டுக்கே போய், ஊர்க்கதை எல்லாம் பேசி, கட்டன்சாயா குடித்து, எழுந்திருக்கும்போது கேட்பது உன் முறை. சில சமயம் கேட்காமலேயே திரும்பிவருவாய். சாயா நன்றாக இருந்தது என்பாய்.

அண்டி ஆபீஸில் வேலை பார்த்த புஷ்பத்துக்கு இரண்டு மாதப் பாக்கி சேர்ந்திருந்தது. கேரளத்தில் கொத்து வேலைக்குப் போன புருஷனிடமிருந்து பணம் வரவில்லை. வீட்டில் மாமனார் படுக்கையில். அவள் மகள் ஷைனிக்கு நான்கு வயது. அந்த மழைநாள் காலையில் டிரஸ்டிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு அம்மாள் வந்திருந்தார். நீ பல் பிடுங்க மார்த்தாண்டம் போயிருந்தாய். புஷ்பம் பிள்ளையை இறக்கிவிட்ட நேரத்தில் அந்த அம்மாள் வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல், "உங்கள் பங்கு வரவில்லை என்றால் குழந்தையைப் பற்றி நாங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொன்னார். அலுவலக வாக்கியம். பாதிக் கட்டணத்தை நிறுத்துவது என்று எனக்கு உடனே புரிந்தது. புஷ்பம் ஷைனியின் தலையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் எல்லாத் தாய்களும் வந்துபோன பிறகும் புஷ்பம் வரவில்லை. எப்போதும் முதலில் வருகிறவள். மழை விட்டிருந்தது. வாசலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நீ போனை எடுக்கவில்லை. நான் ஷைனியிடம், "அம்மா இப்போ வந்துருவா" என்றேன்.

அவள் சிலேட்டில் கோடு போட்டபடி, நிமிராமல் சொன்னாள்: "அம்மெ சக்கரத்தில குடுங்கிப் போச்சு."

"யார் சொன்னா?"

"தாத்தா சொன்னாரு."

குடுங்குவது என்றால் மாட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் கேட் கம்பிக்குள் தலையைக் குடுத்துக்கொண்டு நாள்தோறும் கத்துகிற வார்த்தைதான் அது. சக்கரம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆலையிலிருந்து வருகிற வழியில் ரப்பர் தடி ஏற்றிய லாரிகள் திரும்பும் வளைவு என் கண்முன் வந்தது. தாத்தா எப்போது சொன்னார், படுக்கையில் கிடக்கிறவருக்கு எப்படித் தெரியும், காலையில் வந்த பிள்ளைக்கு இப்போது எப்படிச் செய்தி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எதையும் இரண்டு முறை கேட்டுப் பார்க்கிறவள் என்று எனக்கு நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முக்குச் சாயாக் கடைக்கு ஓடினேன். "லாரியில் யாராவது அடிபட்டார்களா? அண்டி ஆபீஸ் புஷ்பம்?" என்று கேட்டேன். கேள்வியாகத்தான் கேட்டேன். கடைக்குள் போனதும் அது செய்தியாகிவிட்டது.

"எந்த வண்டி டீச்சர்?"

"வளைவுல ஒரு சத்தம் கேட்டுதே, அதுதானோ?"

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களா?"

ஒரு ஆட்டோக்காரர் பார்த்துவருகிறேன் என்று கிளம்பியே விட்டார். இத்தனை பேர் தன் அம்மா பெயரைச் சொல்வதைக் கேட்டு ஷைனி அழத் தொடங்கினாள். அழுகிறதைப் பார்த்து மற்றவர்கள் முழுதாக நம்பினார்கள். நானும்தான்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நீ பஸ்ஸிலிருந்து இறங்கினாய். ஒரு கன்னம் வீங்கி, பல்லுக்கு நடுவில் பஞ்சைக் கடித்துக்கொண்டு. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதை நீ கேட்டாயா என்ன?

"என்னட்டி கூட்டம்?"

நான் சொன்னேன். நீ ஷைனியை வாங்கி, "தாத்தா என்ன மக்கா சொன்னாரு?" என்றாய். அவள் அதையே திரும்பச் சொன்னாள். நீ பஞ்சோடு சிரித்தாய். கைக்குட்டையில் ரத்தம் பட்டது.

"ஏட்டி படிச்சவளே, சக்கரம்னா பைசா. நம்ம பழைய ஆளுக அப்பிடித்தான் சொல்லும். கடன்ல மாட்டிக்கிட்டாண்ணு கெழவன் வீட்டுல பொலம்பியிருக்காரு. இது கேட்டுட்டு வந்திருக்கு. லாரியும் இல்ல ஒண்ணும் இல்ல."

கடையே சிரித்தது. "டீச்சருக்கு நம்ம பாஷை இன்னும் பிடி கிட்டல்ல" என்றார் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர். "ஆட்டோக்காரனுக்கு யாரு வாடகை குடுக்கது?" என்றார் இன்னொருவர். எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் இறங்கும்போது வருமே, அப்படி ஒரு சிரிப்பு.

முதலில் சிரிப்பை நிறுத்தியது நீதான். என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, மெதுவாகக் கேட்டாய்.

"அப்பம் அவ எங்க?"

காலையில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாளின் வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

"பிள்ளையப் பத்தி முடிவுண்ணா சொன்னா? புஷ்பத்துக்க மொகத்துக்கு நேரயா?"

"ஆமாம். கட்டணத்தைப் பற்றித்தான்."

"அது உனக்குத் தெரியும்" என்றாய். பஞ்சைத் துப்பிவிட்டு, "நீ பிள்ளைய வச்சிட்டு வீட்டுல இரி. நான் அண்டி ஆபீஸ் வரை போயிட்டு வாறேன். வெப்ராளப்படாத, பதறாத" என்று குடையைக்கூட எடுக்காமல் போனாய்.

நான் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தாமதமாக வருவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். பெரும்பாலானவை சாதாரணமானவை. அதை வகுப்பில் நின்று நிரூபித்துக் காட்ட என்னால் முடியும். ஆனால் அந்த அறையில் மிச்சமுள்ள சில காரணங்கள் மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே வந்து உட்கார்ந்தன. இந்தப் பிள்ளைக்கு இன்று ராத்திரி யார் சோறு கொடுப்பார்கள் என்று யோசித்தேன். நாளைக்கு யார், அதற்கு அடுத்த நாள் யார் என்று யோசனை தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஷைனி என் வளையலைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நீ புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாய். மறுபடி பிடித்த மழையில் இரண்டு பேரும் நனைந்திருந்தீர்கள். புஷ்பம் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றபடியே கேட்டாள்.

"டீச்சர், பிள்ளைய எடுக்கலாமா? பைசா கிட்டல. கேக்கத்தக்க வீட்டுல எல்லாம் கேட்டுப் பாத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலையிலிருந்து அவள், பாக்கியைக் கட்டாமல் பிள்ளையைத் தர மாட்டோம், எங்காவது விடுதியில் கொண்டு சேர்த்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். நீ என் இடுப்பிலிருந்து ஷைனியைப் பிடுங்கினதுபோல வாங்கி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்தாய்.

"இந்தா பிடி. இது உனக்கது. பைசா வேற பிள்ள வேற. இனிமே பிள்ளைய நாங்க ரோட்டுல வச்சுத்தான் தருவோம். நீ உள்ள வரவே வேண்டாம், போதுமா?"

புஷ்பம் பிள்ளையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உன்னைப் பார்த்து, "அக்கா, கன்னம் என்ன பற்றிச்சு?" என்றாள்.

"பல்லு புடுங்கினேன். டாக்டருக்கு நானும் பாக்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். எனக்க பல்ல அவரு தந்துட்டாருல்லா?"

அவள் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் பிள்ளைகளை ரோட்டில் வைத்துக் கொடுப்பது நம் வழக்கமாயிற்று. மழையானால் நாம் குடையோடு வெளியே நிற்போம். உன் முறை பலித்தது என்று நான் எழுத மாட்டேன். புஷ்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்த்தாள். பிறகு குடும்பத்தோடு கேரளத்துக்குப் போனவர்கள்தான், தகவல் இல்லை. கட்டாமலே போனவர்களும் உண்டு. பல மாதங்கள் உன் மஸ்கட் பணத்தில்தான் பிள்ளைகள் பால் குடித்தார்கள். இதைச் சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய். உனக்குப் பயம் என்ற ஒன்றே இல்லை என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், மருந்து மயக்கம் தெளிந்த நேரத்தில், சம்பந்தமே இல்லாமல் சொன்னாய்.

"புஷ்பத்தத் தேடிப் போன அன்னைக்கு நான் அண்டி ஆபீசுக்குப் போகல்ல, கேட்டியா. நேரா ஆத்துக்கடவுக்குத்தான் போனேன்."

ஊர்ப் பெண்கள் குளிக்கிற அந்தப் படித்துறை. மழைக்கு நிறைந்து ஓடுகிற ஆறு.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா நீயும் ஓடி வருவ. பிள்ளைய யாரு பாக்கும்?"

"அவள் அங்கேயா இருந்தாள்?"

நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கீழ்ப் படியில இருந்தா. துணி அலசுறேன்னு சொன்னா. கையில துணி ஒண்ணும் இல்ல."

அப்புறம், "பேடிச்சுப் போனேன் மக்கா. பல்லு வலி போன எடம் தெரியல்ல" என்றாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

இப்போது காப்பகத்தை நான் நடத்துகிறேன். டிரஸ்ட் மாறிவிட்டது, விதி மாறவில்லை. காலையில் நான் யாரிடமும் பணம் கேட்பதில்லை. உன்னைப் போலப் பேசிச் சிரித்துக் கேட்க எனக்கு வரவில்லை. பாதி வீடுகளில் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். உன்னிடமிருந்து என்னிடம் முழுதாக வந்து சேர்ந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

போன வாரம் மூன்று மாதப் பாக்கி வைத்திருக்கிற ஒரு இளம் தாய் நேரத்துக்கு வரவில்லை. மழைமூட்டமாக இருந்தது. பிள்ளையைத் தங்கத்திடம் கொடுத்து, "கடை வரை போயிட்டு வாறேன்" என்றேன். கால் நேரே ஆற்றுக்கடவுக்குப் போயிற்று. படிகள் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தன. யாரும் இல்லை. யாரும் இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். பஸ் வராமல் நடந்தே வந்திருக்கிறாள்.

"டீச்சர் எங்க போனீங்க? ஆளக் காணல்லியேன்னு பேடிச்சுப் போனேன்."

"சும்மாதான். காற்று வாங்க."

அவள் என் சேலையின் ஈரக் கரையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, "டீச்சர், அந்தப் பைசா…" என்று தொடங்கினாள்.

தங்கத்தின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கி, ரோட்டுக்குப் போய் அவள் கையில் வைத்தேன். "பிள்ளையைப் பிடி. மழை வருது" என்றேன்.